முதலாளிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்: கால்பந்து கிளப் தகுதிச் சோதனைகள், ஒரு மதிப்பீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஐந்து சென்ட் மனை வாங்குகிறவர்கூட முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார். மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, பேங்கில் அடமானம் உண்டா, பட்டா யார் பேரில் என்று நாலு பேரிடம் விசாரிப்பார். இங்கிலாந்தில் 1885-இல் தொடங்கிய பரி கால்பந்து கிளப் 2018 டிசம்பரில் 1 பவுண்டுக்குக் கைமாறியபோது இந்த அளவு விசாரணைகூட நடக்கவில்லை. வாங்கியவரிடம் கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறதா என்ற சான்று லீக் அலுவலகத்துக்கு வந்து சேரும் முன்பே கைமாற்றம் முடிந்துவிட்டது. எட்டு மாதம் கழித்து, 2019 ஆகஸ்ட் 27 அன்று, பரியை லீக்கிலிருந்தே நீக்கினார்கள்.

உப்பளம் மைதானத்தில் பயிற்சி முடித்துவிட்டு டீக்கடையில் நிற்கிற பையன்களிடம் கேட்டால் சிட்டி, செல்சி, நியூகாசில் முதலாளிகளின் பெயர் மனப்பாடம். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த, புதுச்சேரியின் பழைய சொல்தா குடும்பங்களில் லியோன், பொர்தோ பேச்சும் அடிபடும். ஆனால் அந்த முதலாளிகளை யார் சோதித்து உள்ளே விட்டார்கள், அந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதைக் கோட்டை விடும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இங்கே மதிப்பிடுவது அந்தச் சோதனைகளைத்தான். அவற்றோடு, வீட்டில் உட்கார்ந்தபடி எவரும் செய்யக்கூடிய ஒரு சோதனையையும்.

பிரீமியர் லீக்கின் சோதனை

2004-இல் வந்தது. இப்போதைய பெயர் உரிமையாளர், இயக்குநர் சோதனை. அடிப்படையில் இது ஒரு தடைப் பட்டியல். நேர்மையின்மை சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்று, அது சட்டப்படி இன்னும் காலாவதியாகாதவர், திவாலானவர், ஏற்கெனவே இரண்டு முறை கிளப்பை நொடிக்க விட்டவர், வேறொரு விளையாட்டு அமைப்பு தடை செய்தவர், இன்னொரு லீக் கிளப்பில் கை வைத்திருப்பவர். இவர்கள் வர முடியாது. 2023 மார்ச்சில் மனித உரிமை மீறலையும் பட்டியலில் சேர்த்தார்கள். கிளப்பைக் கட்டுப்படுத்துகிறவர் என்று கணக்கில் எடுக்கும் பங்கின் அளவையும் 30 சதவீதத்திலிருந்து 25 ஆக இறக்கினார்கள்.

பட்டியலில் மாட்டாதவர் எல்லாரும் பாஸ். அதுதான் இதன் பெரிய ஓட்டை. ஆள் எப்படிப்பட்டவர் என்று இது கேட்பதில்லை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவரா என்று மட்டும் கேட்கிறது. தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்‌ஷின் ஷினவத்ரா 2007-இல் மான்செஸ்டர் சிட்டியை வாங்கியபோது ஊரில் அவர் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன, வழக்குகளும் நடந்துகொண்டிருந்தன. தீர்ப்பு வரவில்லை, ஆகவே தகுதியானவர். 2008 செப்டம்பரில் அபுதாபிக்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார். அடுத்த மாதமே தாய்லாந்தில் இரண்டு வருடத் தண்டனை.

கீழ் டிவிஷன்களை நடத்தும் இஎஃப்எல்லின் சோதனையும் கிட்டத்தட்ட இதே அச்சு. 2014-இல் லீட்ஸ் கிளப்பை வாங்கிய மாஸிமோ செல்லினோ, படகுக்கு இறக்குமதி வரி கட்டாத வழக்கில் இத்தாலிய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். லீக் அவரை மறுத்தது. மேல்முறையீட்டை விசாரித்த வழக்கறிஞர் ஒருவர் உள்ளே விட்டார். காரணம், தீர்ப்பின் விளக்கம் அப்போது எழுத்தில் வெளிவரவில்லை, நேர்மையின்மை இருந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. விளக்கம் கைக்கு வந்ததும் டிசம்பரில் திரும்பவும் தகுதி நீக்கம். அடுத்த வருடம் தண்டனை காலாவதியானதும் அவர் திரும்பி வந்துவிட்டார். விதியை எழுதியபடி நடத்தினாலே இவ்வளவுதான் கிடைக்கும்.

பினாமிக்கு இந்தச் சோதனை இன்னும் சுலபம். 2009-10 பருவத்தில் போர்ட்ஸ்மவுத் கிளப் நான்கு முதலாளிகளைப் பார்த்தது. அவர்களில் அலி அல்-ஃபராஜ் என்பவரை மைதானத்தில் கண்டவர் யாரும் இல்லை. காகிதத்தில் பாஸ். 2010 பிப்ரவரியில், நொடித்து நிர்வாகியின் கைக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது போர்ட்ஸ்மவுத்.

சோதனை நீளும்போது வேறொரு ஆபத்து உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. 2023 செப்டம்பரில் எவர்ட்டன் கிளப்பை வாங்க ஒப்பந்தம் போட்ட 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், லீக்கின் அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில் கிளப்பின் அன்றாடச் செலவுக்குக் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தது. அது சுமார் 200 மில்லியன் பவுண்ட் வரை போனது. இனி மறுத்தால் கிளப்புக்குப் பணம் நிற்கும், அனுமதித்தால் ஆள் சரியில்லை. நல்லவேளையாக 2024 மே மாதத்தோடு ஒப்பந்தக் கெடு முடிந்தது. அதற்குள் அந்த நிறுவனத்தின் மேல் நியூயார்க்கில் மோசடி வழக்கு வந்திருந்தது. டிசம்பரில் ஃப்ரீட்கின் குழுமம் எவர்ட்டனை வாங்கியது. நிச்சயம் ஆகும் முன்பே மாப்பிள்ளை வீட்டார் குடும்பச் செலவை ஏற்றுக்கொண்டால் பெண் வீட்டார் வாய் அடைபடும், அதே கதை. அனுமதி கிடைக்கும் வரை வாங்குகிறவர் கடன் தரக்கூடாது என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

ஆள் சோதனையை விடப் பணச் சோதனை முக்கியம்

கிளப்புகள் செத்த வரலாற்றை எடுத்துப் பாருங்கள். கெட்டவன் வந்ததால் செத்ததை விட, காசு இல்லாதவன் வந்ததால், அல்லது காசு இருந்தும் அனுப்ப மனமோ வழியோ இல்லாமல் போனதால் செத்தவை அதிகம். பரியை வாங்கிய ஸ்டீவ் டேல் மேல் தடைப் பட்டியலில் எந்தக் குறியும் இல்லை. அவர் நடத்திய கம்பெனிகளில் பல ஏற்கெனவே கலைக்கப்பட்டவை. அது பொதுப் பதிவேட்டில் கிடந்தது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மைதானத்தின் மேல் அடமானக் கடனும் பதிவாகியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்து, "அடுத்த பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்குப் பணம் எங்கே, எந்த பேங்கில்?" என்று கைமாற்றத்துக்கு முன்பு கேட்டிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும்.

விகன் கிளப்பின் கதை இன்னும் மோசம். 2020 மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு நிதி நிறுவனம் வாங்கியது. ஜூலை 1 அன்று கிளப்பை நிர்வாகியிடம் ஒப்படைத்துவிட்டது. லீக்கின் சோதனையில் பாஸ் ஆன முதலாளி ஒரு மாதம் தாங்கவில்லை. நொடித்ததற்குத் தண்டனையாகப் பன்னிரண்டு புள்ளி வெட்டு. அதே ஜூலையில் ஹல் அணியை 8-0 என்று அடித்தும், புள்ளி வெட்டினால் கீழே இறங்கினார்கள். ஆடியவர்கள் செய்த தப்பு என்ன?

பணம் இருந்தும் அனுப்ப முடியாமல் போவதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. புனேயின் வெங்கீஸ் கோழி நிறுவனக் குடும்பம் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை 23 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. வருடக்கணக்காகப் பணம் போட்டார்கள். பிறகு அந்நியச் செலாவணி தொடர்பாக அமலாக்கத் துறை விசாரணை வந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி வாங்கித்தான் இங்கிருந்து பணம் அனுப்ப முடியும் என்ற நிலை ஏற்பட்டது. வாங்கிய நாளில் எந்தச் சோதனை வைத்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஆகவே சோதனை ஒரு நாள் சடங்காக இருந்தால் பயன் இல்லை.

இதற்கு மருந்து நம் ஊர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவு செய்து சீட்டு நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளர் பேரில் கட்டிவிட்டுத்தான் முதல் ஏலமே விட முடியும். ஆள் நல்லவரா என்று யாரும் ஆராயத் தேவையில்லை. ஓடிப்போனால் பிணை இருக்கிறது. கால்பந்து முதலாளியிடம் ஒரு பருவச் சம்பளத்துக்கு ஈடான தொகையை மூன்றாம் நபர் கணக்கில் பூட்டி வைக்கச் சொன்னால் பரியும் விகனும் தப்பியிருக்கும். பணக்கார கிளப்புகளுக்கு இது சிரமம் இல்லை. சின்ன கிளப்பை 1 பவுண்டுக்கு வாங்க வருகிறவர்கள்தான் ஓடுவார்கள், ஓடட்டும்.

புதிய ஒழுங்காணையம்

2021 நவம்பரில் டிரேசி கிரவுச் கொடுத்த ரசிகர் ஆய்வறிக்கையின் 47 பரிந்துரைகளில் தொடங்கி, ஒரு தேர்தலில் மசோதா காலாவதியாகி, திரும்ப வந்து, 2025 ஜூலை 21 அன்று கால்பந்து நிர்வாகச் சட்டமானது. அது உருவாக்கிய சுதந்திரக் கால்பந்து ஒழுங்காணையம் ஆண்கள் கால்பந்தின் மேல் ஐந்து அடுக்குகளில் உள்ள 116 கிளப்புகளுக்கும் உரிமம் கொடுக்கும். தலைவர் டேவிட் கோகன். லீக் என்பது கிளப் முதலாளிகளே சேர்ந்து நடத்தும் அமைப்பு. தங்களை யார் சோதிப்பது என்பதையும் அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்து வந்தார்கள். அதை மாற்றியதே இந்தச் சட்டத்தின் முதல் வேலை.

சோதனையில் முக்கியமான திருத்தங்கள் சில. உரிமையாளருக்கு நேர்மையும் நிதி நிலையும் மட்டும் போதாது. பணம் எந்த வழியில் வந்தது, கடுமையான குற்றத்தோடு தொடர்பு உண்டா என்றும் பார்ப்பார்கள். வருங்காலத்தில் கிளப்பை எப்படி நடத்தப்போகிறார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற திட்டம் கொடுக்க வேண்டும். இயக்குநர்களுக்கு இதனோடு திறமையும் அனுபவமும் சேரும். முதலாளிக்குத் திறமை கட்டாயம் இல்லை என்பது சிலருக்கு வேடிக்கையாகத் தெரியலாம். அது சரிதான். காசு போடுகிறவர் ஆட வேண்டியதில்லை, கணக்கு எழுதுகிறவருக்குக் கணக்கு தெரிந்தால் போதும்.

உள்ளே உட்கார்ந்திருப்பவரையும் கூப்பிட்டு விசாரிக்க முடியும், தகுதியில்லை என்றால் விற்கச் சொல்ல முடியும், மறுத்தால் அறங்காவலர் ஒருவரை வைத்தே விற்க வைக்க முடியும். இதுவே இதன் பெரிய பலம். அபராதம் வருவாயில் 10 சதவீதம் வரை போகும். மைதானத்தை விற்பதற்கு முன் அனுமதி வேண்டும். டார்பி கவுண்டி மைதானத்தை 2018-இல் முதலாளியின் வேறு கம்பெனிக்கு 81 மில்லியன் பவுண்டுக்கு விற்ற மாதிரி இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றுவது இனி அவ்வளவு லேசு இல்லை.

குறை ஒன்று சொல்ல வேண்டும். அரசே முதலாளியாக வரும்போது என்ன செய்வது என்பதில் சட்டம் நழுவுகிறது. 2021 அக்டோபரில் நியூகாசிலின் 80 சதவீதம் சவூதி பொது முதலீட்டு நிதிக்குப் போனபோது, 'சவூதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது' என்று சட்டப்படி உறுதிமொழி வாங்கிக்கொண்டார்கள். அந்த நிதியின் தலைவர் பட்டத்து இளவரசர்! உறுதிமொழி மீறப்பட்டதா என்று எந்த ஆவணத்தை வைத்துச் சோதிப்பார்கள்? புதிய சட்டத்திலும் இதற்கு நேரான பதில் இல்லை.

பிரான்ஸ், ஜெர்மனி

புதுச்சேரிக்குப் பழக்கமான பிரான்ஸில் அணுகுமுறையே வேறு. அங்கே டிஎன்சிஜி என்ற கணக்குக் கண்காணிப்புக் குழு ஆளை விடக் கணக்கு நோட்டைத்தான் அதிகம் பார்க்கிறது. ஒவ்வொரு பருவமும் கிளப் தலைவர்கள் வரவு செலவுத் திட்டத்தோடு முன்னால் உட்கார வேண்டும். ஓட்டை இருந்தால் சம்பளக் கட்டுப்பாடு, புது வீரர் வாங்கத் தடை, கடைசியில் கீழ் டிவிஷனுக்குத் தள்ளுதல். கத்தி கூர்மை. ஆறு முறை சாம்பியனான பொர்தோ 2024-இல் நான்காம் அடுக்குக்குப் போய், தொழில்முறை அந்தஸ்தையே இழந்தது. லியோனை 2025 ஜூன் மாதம் தள்ளினார்கள். முதலாளி ஜான் டெக்ஸ்டர் தலைமையிலிருந்து விலகி மிஷெல் காங் பொறுப்பேற்ற பிறகு ஜூலையில் மேல்முறையீட்டில் தப்பியது. அந்த டெக்ஸ்டர் கிரிஸ்டல் பேலஸிலும் பங்கு வைத்திருந்ததால், இரண்டு கிளப் ஒரே கையில் கூடாது என்ற, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஏஃபாவின் விதியில் மாட்டி, எஃப்ஏ கோப்பை வென்ற பேலஸ் யூரோப்பா லீக்கிலிருந்து அதற்கு ஒரு படி கீழான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறங்கியது தனிச் சோகம். பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டிய கெடு மார்ச் 1. அவர்கள் கோப்பை வென்றதோ மே மாதம்.

டிஎன்சிஜியின் குறை: தப்பு செய்த முதலாளி போய்விடுவார், இறங்குவது கிளப். ஆனால் பரி மாதிரி திடீர் மரணம் அங்கே குறைவு. வருஷா வருஷம் ஸ்கேன் எடுப்பதால் கட்டி முன்பே தெரிந்துவிடுகிறது.

ஜெர்மனியின் 50+1 விதி 1998-இல் வந்தது. ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் ஓர் ஓட்டாவது உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். முதலீட்டாளர் லார்ஸ் விண்ட்ஹார்ஸ்ட் ஹெர்தா பெர்லினில் 374 மில்லியன் யூரோ போட்டும் அதிகாரம் சங்கத்திடமே இருந்தது. அணி கடைசியில் கீழே இறங்கியது உண்மை. ஆனால் கிளப்பை யாரும் 1 பவுண்டுக்கு விற்றுவிட்டுப் போகவில்லை. வாங்குகிறவரின் யோக்கியதை அங்கே பாதிப் பிரச்சினைதான்.

இங்கே நிலைமை

2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் விளையாட்டுச் சங்கங்களைப் பற்றியது. கிளப் முதலாளியைத் தொடுவதில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கிளப் உரிம விதிகளில் உரிமை விவரமும் சம்பளப் பாக்கியும் கேட்கப்படுகின்றன. இருந்தும், 2021-22 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சாம்பியனான ஹைதராபாத் அணி அடுத்த இரண்டே வருடத்தில் சம்பளப் பாக்கியில் மூழ்கியது. கைமாறி, 2025-இல் டெல்லிக்குப் போய்ப் பெயரே மாறிவிட்டது. பெயர், ஊர் இரண்டையும் காப்பாற்றும் விதி இல்லாத உரிமம் ரசிகனுக்கு எதற்கு?

நீங்களே பார்க்கும் வில்லங்கம்

இத்தனை சோதனைகளிலும் அதிகப் பயன் தருவது எது என்று கேட்டால், பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளம்தான். இலவசம், பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆவணங்களை பிடிஎஃப் ஆகவே இறக்கலாம். பார்க்கும் முறை இப்படி.

கிளப்பின் தளத்தில் அடிப்பகுதியில் கம்பெனி எண் இருக்கும். பெயரை விட எண்ணால் தேடுவது நல்லது, ஒரே மாதிரிப் பெயரில் மூன்று நான்கு கம்பெனிகள் இருக்கும். கட்டுப்படுத்துகிறவர்கள் பகுதியில் 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் தெரிவார். அங்கே இன்னொரு கம்பெனி பெயர் இருந்தால் அதன் எண்ணைப் பிடித்து மேலே போங்கள். கேமன் தீவு, பிரிட்டிஷ் வர்ஜின் தீவு என்று முடிந்தால் பாதை அங்கே அடைபடும். அதையே ஒரு விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

இயக்குநரின் பெயரை அழுத்தினால் அவருடைய மற்ற கம்பெனிகள் வரும். எத்தனை கலைக்கப்பட்டவை என்று எண்ணுங்கள். ஒரே ஆளுக்குப் பெயர் எழுத்து மாறி இரண்டு மூன்று பக்கங்கள் இருப்பதுண்டு, ஆகவே பிறந்த மாதமும் வருடமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். நம் ஊர் இனிஷியல் குழப்பம் போலத்தான். 2025 நவம்பர் 18 முதல் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாகியிருப்பதால் இது போகப் போகக் குறையும்.

அடமானப் பகுதிதான் அசல் வில்லங்கச் சான்று. தீர்க்கப்படாத கடன் எது, கொடுத்தவர் யார், மைதானம் ஈடாகப் போயிருக்கிறதா என்று ஆவணத்தைத் திறந்து படிக்கவும். பேங்க் பெயர் இருந்தால் பரவாயில்லை. குறுகியகாலக் கடன் கொடுக்கும் தனியார் பெயர் வந்தால் உஷார்.

கணக்கில் நான்கு இடம் போதும்: தொடர்ந்து இயங்குவது பற்றி ஆடிட்டர் எழுதிய பத்தி, சம்பந்தப்பட்டவர்களோடு நடந்த பரிவர்த்தனை, ஆண்டு முடிந்த பின் நடந்தவை, கடைசியில் இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் என்ற வரி. தனியார் கம்பெனி ஆண்டு முடிந்து ஒன்பது மாதத்தில் கணக்குத் தர வேண்டும். கெடு நெருங்கும்போது கணக்காண்டை ஒரே ஒரு நாள் சுருக்கினால் மூன்று மாத அவகாசம் கிடைக்கும். கஷ்டத்தில் இருக்கிற கம்பெனிகள் செய்யும் பழைய வித்தை இது. தாக்கல் வரிசையில், கணக்காண்டை மாற்றும் ஏஏ01 படிவம் தென்பட்டால் தேதியைப் பாருங்கள். மைதானத்தின் உரிமை யாரிடம் என்பதற்கு அங்குள்ள நிலப் பதிவகத்தில் 7 பவுண்ட் கட்டினால் நகல் வரும். வரித்துறை கம்பெனியைக் கலைக்க மனு போட்டிருக்கிறதா என்பது பிரிட்டனின் அரசிதழான தி கெசட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இந்திய கிளப்புக்கு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளம். ஒரு விஷயத்தில் இது மேல்: இயக்குநர் ஒவ்வொருவருக்கும் ஒரே எண், எழுத்துப் பிழையால் ஆள் தப்ப முடியாது. கம்பெனியின் அடிப்படை விவரமும் அடமானப் பட்டியலும் இலவசம். ஆவணங்களைத் திறக்க ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய். அதற்குக் கிடைப்பது மூன்று மணி நேரம் மட்டுமே, அதையும் ஏழு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். தளம் நடுவில் தொங்கும், காப்சா இரண்டு மூன்று முறை கேட்கும், ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் உட்காருவது நல்லது. முதலில் சிஎச்ஜி-1 அடமானப் படிவங்களை இறக்குங்கள், அடுத்து ஏஓசி-4 கணக்கு, பிறகு எம்ஜிடி-7-இல் பங்குதாரர் பட்டியல். 10 சதவீதமும் அதற்கு மேலும் மறைமுகமாக வைத்திருப்பவர் யார் என்று சொல்லும் பென்-2 படிவம் தாக்கலாகியிருந்தால் அதையும் விடாதீர்கள். மூன்று மணி நேரம் முடிந்ததும் கதவு மூடிக்கொள்ளும், திரும்பத் திறக்க இன்னொரு 100 ரூபாய்.